ஏழுமலை பெயர் உள்ள பாட்டு

நைனா,

அந்த வருஷத்துக்கு நம்பர் சொல்ல எனக்குத் தெரியாது. தண்டையார்பேட்டை முழுக்கப் பிளாஸ்டிக் குடங்கள் தண்ணீர் லாரிக்காகக் காத்துக் கிடந்த கோடைக்கு அப்புறம், கடல் ஊருக்குள் வந்ததற்கு முன்னால் என்று வைத்துக்கொள். திருட்டு சி.டி. போடுகிறவனையும் குண்டர் சட்டத்தில் உள்ளே தள்ளலாம் என்று சர்க்கார் சொன்ன வருஷம். நீ பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாய். பாடப் புத்தகத்துக்குள் கிரிக்கெட்காரன் படம் வைத்திருந்தாய். அந்த வருஷம்தான் பஷீர் பாய் கடைக்குள் போலீஸ் நுழைந்தது.

போன வாரம் போனில் பேசினாய். பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது என்றாய். என்ன வேலை என்று கேட்டதற்கு, "நெட்ல பாட்டைத் திருட்டுத்தனமா போடறவங்களைத் தேடிக் கண்டுபிடிச்சி அழிக்க வைக்கிற வேலைப்பா, பாட்டுக் கம்பெனிங்களுக்காக" என்றாய். உன் அம்மா கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்துவிட்டாள். நான் "நல்லா இருடா" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டேன். அப்பாவுக்குச் சந்தோஷம் இல்லையோ என்று நீ அவளிடம் கேட்டாயாம். சந்தோஷம்தான். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, போனில் சொன்னால் பாதியில் உன் மேனேஜர் கூப்பிடுவான். அதனால்தான் கீழ்வீட்டு செல்வியை உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதச் சொல்லியிருக்கிறேன். நான் பேசுகிறதை அவள் படித்தவர்கள் எழுதுகிற மாதிரித் திருத்தித்தான் எழுதுகிறாள். மற்றவர்கள் பேசினதை மட்டும் அப்படியே வை, மாற்றினால் அவர்கள் அவர்களாக இருக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஏழுமலையை உனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். துறைமுகத்தில் என்னோடு கரி இறக்கினவன். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் ராயபுரம் பாலத்தின் மேல் நின்று ரயில் காட்டுவான். ஒரு நாள் மத்தியானம் கப்பலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கயிறு அறுந்தது. அவன் கீழே நின்றிருந்தான். அவ்வளவுதான் சொல்வேன், மற்றதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவன் தூக்குச்சட்டியை நான்தான் திருவொற்றியூர் குப்பத்தில் இருந்த அவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அதில் சோறு அப்படியே இருந்தது.

சாவுக்குப் பாட வந்தது உன் மாமன் ரங்கன். உன் அம்மாவின் தம்பி நாலு பேட்டைக்குத் தெரிந்த கானாக்காரன் என்பது உனக்குத் தெரியும், ஆனால் சாவுப் பாட்டுக்கு என்ன முறை என்பதை நீ கவனித்திருக்க மாட்டாய். பிணத்துக்கு முன்னால் உட்கார்ந்து பாடும்போது செத்தவனுடைய பெயரைப் பாட்டில் கட்டவேண்டும். அவன் பெண்டாட்டி பெயர், அவன் செய்த தொழில், அவன் குடியிருந்த இடம், எல்லாம் உள்ளே வரவேண்டும். அப்படிப் பெயர் கட்டிவிட்டால் அந்தப் பாட்டு அந்த வீட்டுக்குச் சொந்தம். பாடினவன் அதை வேறொரு சாவில் எடுத்துப் பாடமாட்டான். பாடினால் இரண்டு வீட்டுக்கும் ஆகாது. எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனால் வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தக் கானாக்காரனும் மீறினதை நான் பார்த்ததில்லை.

ரங்கன் அன்றைக்குப் பாடியதை நான் பர்மா பஜாரில் வாங்கிய டேப் ரெக்கார்டரில் பிடித்தேன். ஏழுமலையின் அண்ணன் வடக்கே ரயில்வேயில் இருந்தான், பிணத்தை எடுப்பதற்குள் வந்து சேரமுடியாது, அவன் கேட்கட்டும் என்றுதான். பாட்டு இப்படி ஆரம்பிக்கும்:

கப்பலு வந்து நிக்குது ஏழுமல – உன்
கையி படாம காத்துகினு கீது
சங்கு ஊதிச்சி ஷிப்டு முடிஞ்சிச்சி – நீ
சாப்பாட்டுத் தூக்க மறந்துட்டுப் போனியே

அந்த டேப்பில் ரங்கன் மட்டும் இல்லை. பின்னால் சாந்தா அழுவது இருக்கும். ஏழுமலையின் பெண்டாட்டி. நடுவில் துறைமுகத்துச் சங்கு ஊதுவதும் விழுந்திருக்கும், பாட்டில் சங்கு வரும்போதே நிஜச் சங்கும் ஊதிற்று. ரங்கன் ஒரு நொடி நிறுத்திவிட்டு மறுபடி எடுப்பான். அவன் பாடினதிலேயே பெரிய பாட்டு அந்த நிறுத்தம்தான் என்று எனக்குத் தோன்றும்.

இது நடந்து ஒன்றிரண்டு வருஷம் கழித்து ஒரு கேசட் கம்பெனிக்காரர்கள் கானா கேசட் போட ரங்கனைத் தேடி வந்தார்கள். அவர்களுக்கு அந்தக் கப்பல் பாட்டுத்தான் வேண்டும். ரங்கன் நேரே சாந்தாவிடம் போனான். நானும் கூட இருந்தேன். சாந்தா மீன் கழுவிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

"எட்த்துக்கோ ரங்கா. நீ கட்ன பாட்டுதானே. ஆனா அவுரு பேர வுட்டுட்டுப் பாடு. கடையில தொங்கவுட்டு அவுரு பேரக் கூவிக் கூவி விக்க வோணாம்."

"பேரு இல்லாட்டி அது உம் பாட்டு இல்லக்கா, வெறும் பாட்டு. நான் தாராளமா பாடுவேன்" என்றான் ரங்கன்.

அப்படியே செய்தான். 'ஏழுமல' இருந்த இடத்தில் எல்லாம் 'என் நண்பா' என்று போட்டான். சாந்தா பெயரை எடுத்துவிட்டான். வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டூடியோக் குளிர் ரூமில் கீபோர்டு வைத்துப் பாடிக்கொடுத்துவிட்டு, அவர்கள் நீட்டின பேப்பரில் கையெழுத்துப் போட்டான். பெயரை அவிழ்த்துவிட்டால் பாட்டும் இரண்டாகப் பிரிந்துவிடும், ஒன்று கம்பெனிக்கு, ஒன்று சாந்தாவுக்கு என்று அவன் மனதார நம்பினான். நானும் நம்பினேன். எங்கள் பேட்டையில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பேப்பரில் வேறு மாதிரி இருந்தது. மெட்டு, வார்த்தை, இதுவரைக்கும் பாடினது, இனிமேல் பாடுவது, எல்லாம் கம்பெனிக்கு என்று இருந்ததாம். படிக்கத் தெரிந்தவர்கள் அப்புறம் சொன்னார்கள்.

கம்பெனிக்காரனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. கேசட் வந்த புதிதில் ரங்கனுக்கு நல்ல பெயர். ஆட்டோவில் எல்லாம் அவன் குரல். அடுத்த கேசட் வந்தபோது ராயபுரம் பிளாட்பாரத்திலேயே அதைக் காப்பி எடுத்து விற்றான்கள். அப்புறம் நெட்டில் வந்தது. இருநூறு பாட்டு ஒரே சி.டி. தட்டில் என்று கூவினான்கள். ஒரு பையன் ரங்கனிடமே அவன் பாட்டு இருக்கிற தட்டை விற்க வந்தான். "டேய் பேமானி, இது நான்டா" என்றான் ரங்கன். "அப்டியா அண்ணாத்தே, அப்போ உனக்குக் கொறச்சிக் குட்க்கிறேன்" என்றான் அந்தப் பையன். ரங்கன் சிரித்துவிட்டான், ஆனால் அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. ஆகவே திருட்டு திருட்டுத்தான். அதைப் பிடிக்கிற வேலை கேவலம் என்று நான் சொன்னதாக நினைக்காதே.

பஷீர் பாய் கடை உனக்குத் தெரியும். உன் பத்தாவது ரிசல்ட்டை அங்கேதான் பார்த்தோம், மூன்று கம்ப்யூட்டரும் ஒரு மின்விசிறியும் வைத்த பிரவுசிங் சென்டர். அவரும் சினிமாப் பாட்டை நெட்டிலிருந்து இறக்கித் தட்டில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர்தான், மறைக்கவில்லை. நான் சாந்தாவிடமே கொடுத்துவைத்திருந்த அந்தச் சாவு டேப்பை அவள் அவரிடம் கொண்டுபோனாள். கேட்டுக் கேட்டு நாடா தேய்ந்து ஏழுமலை பெயர் வருகிற இடத்தில் குரல் இழுக்க ஆரம்பித்திருந்தது. தட்டில் ஏற்றினால் தேயாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பாய் காதில் மாட்டிக்கொண்டு கேட்டவர், மாட்டினதைக் கழற்றாமல் முதலிலிருந்து மறுபடி போட்டுக் கேட்டாராம்.

"யக்கா, எங்க ஆளுங்க மலேசியாலயும் துபாய்லயும் கீறாங்க. நெட்ல கானாவுக்குன்னு ஒரு எடம் கீது, அத்துல போட்டா கேப்பாங்க. போடட்டுமா?"

"விப்பியா?"

"அல்லா மேல சத்தியமா விக்கமாட்டேன்."

"விக்காதே. கேக்கறவங்க கேட்டுக்கினு போட்டும். அவுரு பேரு நாலு ஊருக்குப் போனா நல்லதுதானே."

விற்பது வேறு, கேட்பது வேறு என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு பேப்பரில் இல்லை.

போலீஸோடு வந்தவர் பெரிய மீசைக்காரர். ரிட்டயர்டு போலீஸ், கம்பெனி சம்பளத்தில் திருட்டுப் பாட்டுக்காரர்களைத் தேடுகிறவர். நீ பெங்களூரில் நாற்காலியில் உட்கார்ந்து செய்யப்போகிற வேலையை அவர் ஸ்கூட்டரில் அலைந்து செய்தார். நான் அப்போது பாய் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"கம்பெனி பாட்ட நெட்ல ஏத்துனது நீதானே?"

"சினிமா பாட்டு போட்ருக்கேன் சார், இல்லேன்னு சொல்லல. ஆனா நீங்க சொல்றது எங்க பேட்டை சாவுப் பாட்டு சார்."

"சாவுப் பாட்டுக்கும் இப்போ ஓனர் கீறான்யா. ஏறு வண்டியில."

கம்ப்யூட்டர்களை ஒயரோடு பிடுங்கினார்கள். தட்டுகளைச் சாக்கில் கொட்டினார்கள். சாந்தாவுக்காக ஏற்றிவைத்திருந்த தட்டும் அதோடு போயிற்று. அவள் அதை வாங்கிக்கொள்ள மறுநாள் வருவதாக இருந்தாள். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் போட்டு, நெட்டில் அந்தக் கானாப் பக்கத்தையும் மூடவைத்தார். பாயைக் குண்டர் சட்டத்தில் போடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அவர் பெண்டாட்டி நம் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, உன் அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனாள். ஜாமீன் கிடைத்து அவர் வெளியே வந்தபோது தாடி வெளுத்திருந்தது.

சாந்தா மட்டும் அப்போது கவலைப்படவில்லை. "தட்டு போனா போவுது, எங்கிட்ட டேப்பு கீதே" என்றாள்.

அந்த மார்கழியில் கடல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. சாந்தா உன் அம்மாவோடு மாவு அரைக்க நம் வீட்டுக்கு வந்திருந்ததால் பிழைத்தாள். குப்பத்தில் அவள் வீடு இருந்த இடத்தில் ஒரு கட்டுமரம் தலைகீழாகக் கிடந்தது. டேப் ரெக்கார்டர், கேசட், ஏழுமலையின் போட்டோ, ஒன்றும் இல்லை. நானும் நீயும் சேற்றில் கையை விட்டுத் தேடினோமே, உனக்கு மறந்திருக்காது. எதைத் தேடுகிறோம் என்று நீ கேட்டாய். "ஒரு கேசட்டுடா" என்றேன். இவ்வளவு பெரிய சாவில் கேசட்டா என்கிற மாதிரிப் பார்த்தாய். வடக்கே இருந்த அண்ணனுக்குக் காப்பி அனுப்பியிருந்தோம். அவன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தான், அவன் சாமான்களை யார் எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை. ஆக, ஏழுமலை பெயர் உள்ள பாட்டு கைக்கு எட்டுகிற இடத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது அரக்கு முத்திரை போட்ட உறைக்குள், கேஸ் சாமானாக இருந்தது.

பாய்க்கு வாதாடின வக்கீலம்மா விளக்கினாள். பாட்டு கம்பெனியுடையது என்று கோர்ட் முடிவு செய்தால் தட்டு கம்பெனிக்குப் போகும், அவர்கள் நொறுக்கிப் போட்டுவிடுவார்கள். இல்லை என்றால் திரும்பி வரும். எல்லாம் ரங்கன் சாட்சிக் கூண்டில் சொல்லப்போகிற வார்த்தையில் இருந்தது. அவனைக் கூப்பிட்டதோ கம்பெனிக்காரர்கள்.

மீசைக்காரர் ரங்கனைத் தேடி டீக்கடைக்கு வந்தார். மிரட்டவில்லை. பன் வாங்கிக் கொடுத்தார். "தம்பி, எம் பாட்டுதான், கம்பெனிக்குக் குடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை. பொய் சொல்லச் சொல்லலியே நானு. டி.வி.யில உன்னப் பாட வெக்கப் பேசிகினு கீறாங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லைதான். அதுதான் ரங்கனுக்குப் பேஜாராக இருந்தது. அவர் போனதும் என்னைப் பார்த்தான்.

"மாமா, நான் இன்னா சொல்ல?"

"நான் கரி அள்றவன்டா, கோர்ட்டு பாஷ எனக்கு இன்னா தெரியும்? சாந்தாவ இட்டுகினு போ. அவ மூஞ்சியப் பாத்துகினே பேசு, எது வருதோ அத்தச் சொல்லு."

கோர்ட்டில் பெண் ஜட்ஜ். கம்பெனி வக்கீல் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் கேட்டார். கேசட்டில் பாடியது நீங்களா, ஆமாம். பேப்பரில் இருப்பது உங்கள் கையெழுத்தா, ஆமாம். பிடிபட்ட தட்டில் இருப்பது அந்தப் பாட்டுத்தானே என்று கேட்டபோது ரங்கன் சாந்தாவைப் பார்த்தான். அவள் கடைசிப் பெஞ்சில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அத்த ஒரு தபா போட்டுக் காட்டச் சொல்லுங்க."

அதுவரைக்கும் அதை யாரும் முழுசாகக் கேட்கவில்லை, நைனா. போலீஸ் கேட்கவில்லை, கம்பெனி கேட்கவில்லை. பாட்டின் தலைப்பைப் பார்த்து, முதல் அடியைப் பார்த்துக் கேஸ் போட்டிருந்தார்கள். மீசைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, கோர்ட் ஊழியர் உறையைப் பிரித்துக் கொடுத்தார். வக்கீலின் சின்னக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். 'கப்பலு வந்து நிக்குது ஏழுமல' என்று எடுத்ததும் சாந்தா நிமிர்ந்தாள். கடல் வந்ததற்கு அப்புறம் அன்றைக்குத்தான் கேட்கிறாள். பாட்டுக்குப் பின்னால் அவள் அழுதது வந்தது, இளம் வயசில் அழுதது. சங்கு ஊதியது. ரங்கன் நிறுத்தின இடத்தில் ஜட்ஜம்மா பேனாவைக் கீழே வைத்தார். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"கம்பெனிக்குக் குட்த்த பாட்டுல செத்தவன் இல்லீங்கம்மா. இத்துல கீறான்" என்றான் ரங்கன்.

வக்கீல் விடவில்லை. "மெட்டு அதே, வரிகள் அதே. ஒரு பெயர்தானே வித்தியாசம்?"

"உங்க வூட்டு சாவுல வேற பேரச் சொல்லி அழுவீங்களா சார்?"

"கேள்வி கேட்கக் கூடாது, பதில் மட்டும் சொல்லுங்க" என்றார் ஜட்ஜம்மா. கோபமாகச் சொல்லவில்லை. வக்கீலும் தோற்றுவிடவில்லை, பேப்பரில் எழுதியிருந்ததை வரி வரியாகப் படித்தார். சட்டத்தில் அவர் சொன்னதற்கும் நியாயம் இருந்தது என்று நம் வக்கீலம்மாவே வெளியே வந்து ஒப்புக்கொண்டாள்.

தீர்ப்பு உடனே வரவில்லை. இழுத்துக்கொண்டே போயிற்று. கடைசியில், சினிமாப் பாட்டுகளுக்காகப் பாய்க்கு அபராதம் போட்டார்கள், அதை அவர் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். சாவு வீட்டில் பிடித்த பாட்டு கம்பெனியின் பதிவு இல்லை, தட்டு அந்தம்மாவுக்குப் போகட்டும் என்று எழுதினார்கள். அதற்குள் ரங்கனைக் கம்பெனி கைகழுவியிருந்தது. டி.வி.யும் இல்லை, கேசட்டும் இல்லை. பாய் கம்ப்யூட்டர்கள் திரும்பி வந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் பெட்டி. வாடகை பாக்கிக்காகக் கடையை அதன் சொந்தக்காரன் எடுத்துக்கொண்டான்.

தட்டு கைக்கு வந்த அன்றைக்கு நான், சாந்தா, ரங்கன், பாய் நாலு பேரும் ஒரு செல்போன் கடையில் போய் நின்றோம். உறையைப் பிரித்தால், எத்தனை கோடை எந்தத் தகரக் கூரைக்குக் கீழே கிடந்ததோ, வெள்ளிப் பக்கம் மீன் செதில் மாதிரிப் பெயர்ந்து வந்தது. கடைக்காரன் நாலு தரம் போட்டுப் பார்த்தான். பெட்டி சுற்றுகிற சத்தம் மட்டும் வந்தது. பாய் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். சாந்தா அந்தச் செதில்களைப் பொறுக்கி உறைக்குள்ளேயே போட்டு எடுத்துக்கொண்டாள்.

"ரங்கா, நீயே இன்னொரு தபா பாடிக் குடேன்" என்று வழியில் கேட்டாள்.

ரங்கன் முயற்சி செய்தான், நான் பக்கத்தில் இருந்தேன். முதல் அடி வந்தது, ஏழுமலை பெயர் வந்ததும் நின்றுவிட்டான். "பொணம் எதுர்ல இல்லாம அந்தப் பாட்டு வர்லக்கா. கட்டுனது நான்தான், ஆனா அது எங்கிட்ட இல்ல" என்றான். அவனுக்குத் தெரிந்த முறை அது.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். போ. திருடினால் பிடி. எவனோ பாடினதை எவனோ விற்றால், ரங்கன் சாப்பிடாமல் படுத்த அந்த நாளை நினைத்துக்கொண்டு பிடி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அழிப்பதற்கு முன்னால் ஒருமுறை பாட்டைக் கேள். தலைப்பைப் பார்க்காதே, முதல் அடியைப் பார்க்காதே. முழுசாகக் கேள். உனக்கு நேரம் இருக்காது, மேலே இருக்கிறவன் சீக்கிரம் சீக்கிரம் என்பான். இருந்தாலும் கேள். பேப்பரில் இருக்கிற ஓனரைத் தவிர வேறு யாராவது உள்ளே அழுதுகொண்டிருக்கிறார்களா என்று பார்.

அந்தக் கானாப் பக்கத்தை மூடுவதற்கு முன்னால் அதை இறக்கிக்கொண்டவர்கள் இருப்பார்கள் என்று பாய் சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மலேசியாவில் ஒருத்தன், துபாயில் ஒருத்தன், யாராவது ஒரு திருட்டுப் பையன் வைத்திருப்பான், அவன் மறுபடி எங்கேயாவது ஏற்றுவான் என்றார். அப்படி ஏற்றினால் அது உன் மேஜைக்குத்தான் வரும். பாட்டின் நடுவில் சங்கு ஊதும், பாடுகிறவன் ஒரு நொடி நிறுத்துவான். அதை வைத்துக் கண்டுபிடி. அழிக்காதே. முதலில் எனக்கு போன் போடு.

நான் இல்லை என்றால் யாரிடம் கேட்பது என்று சொல்லிவைக்கிறேன். அன்றைக்குக் கோர்ட்டில் அதைக் கேட்டவர்களில் உன் மாமன் ரங்கன் போன ஐப்பசியில் நெஞ்சுச் சளியில் போனான், அவனுக்குப் பெயர் கட்டிப் பாட ஆள் கிடைக்காமல் டேப் கட்டை என்கிற தோல் வாத்தியத்தை மட்டும் அடித்தோம். பஷீர் பாய் அதற்கு முன்னாலேயே தொழுதுவிட்டு வரும் வழியில் விழுந்தார். மீசைக்காரர் படத்தைக் காலடிப்பேட்டைச் சுவரில் அஞ்சலி போஸ்டரில் பார்த்தேன், படிக்கத் தெரியாவிட்டாலும் மீசை தெரிந்தது. வக்கீலம்மாவும் இல்லை என்கிறார்கள். எனக்கு இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, என்னை நம்பாதே.

எர்ணாவூரில் சுனாமிக்காரர்களுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டில், துறைமுக ஆபீஸ் ஃபைலில் கிடந்த ஏழுமலையின் பாஸ் படத்திலிருந்து பெரிதாக்கிய போட்டோவுக்குப் பின்னால் அந்த உறையைச் செருகிவைத்துக்கொண்டு ஒருத்தி இருக்கிறாள். காது இன்னும் நன்றாகக் கேட்கிறது. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உம் புள்ள கம்ப்யூட்டர் படிச்சானே, தேடித் தருவானா?" என்று கேட்கிறாள். உன் வேலையில் பாட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று எழுத ஓர் இடம் இருக்குமாமே, செல்வி சொல்கிறாள். அந்தப் பாட்டு வந்தால் அங்கே எழுதவேண்டிய பெயர், உயிரோடு இருக்கிற கடைசிப் பெயர், சாந்தா.